ஹலிமேயின் பொய்முடி

இங்கே சுவிசில் திரிம்பாக் கோயில் தேருக்குத் தேங்காய்ப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகும்போது, ஓல்ட்டனுக்குச் சற்று முன்னால் போலீஸ் மறித்தது. இளம் பொடியன். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. வாகனப் பத்திரத்தைக் காட்டச் சொன்னான். நான் இருக்கைக்கு முன்னால் இருக்கும் சின்னப் பெட்டியைத் திறந்தேன். பத்திரத்துக்கு முதல் ஒரு பெண்ணின் தலைமயிர் வெளியே விழுந்தது.

முழுத் தலைமயிர். தோள் வரை நீளம், தேயிலைச் சாய நிறம், முன்னால் நெற்றியில் விழ வெட்டியது. பொடியன் ஓரடி பின்வாங்கினான். யாருடையது என்று கேட்டான்.

என்னுடையதுதான் என்றேன்.

என் தலையைப் பார்த்தான். அங்கே இருபது வருடமாக ஒன்றும் முளைப்பதில்லை. பிறகு கழுத்தை நீட்டிப் பின்னால் இருந்த தேங்காய்களைப் பார்த்தான். எங்கே போகிறாய் என்றான். கோயிலுக்கு என்றேன். தேங்காய், கோயில், மொட்டைத் தலை, மடியில் ஒரு தலைமயிர். அவன் இவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

“ஆ, ரெலிகியோன்,” என்று சொல்லிவிட்டு, பத்திரத்தைத் திறக்காமலே வழிவிட்டான்.

மதத்தினால் இந்த ஐம்பத்தைந்து வயது வரை எனக்குக் கிடைத்த உருப்படியான நன்மை இது ஒன்றுதான். அதுவும் என் மதத்தினால் இல்லை. அந்த மயிர் ஒரு முஸ்லிம் பெண்ணுடையது. சரியாகச் சொன்னால் அவளுடையதும் இல்லை. நைலோன்.

கிருமி நீக்கிய தொழுகை

எம்மன்புரூக்கேயில் நான் வேலை செய்யும் சலவை ஆலைக்குச் சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் வரும். என் இடம் மாங்கெலில். மாங்கெல் என்பது ஈரத் துணியை ஒரு பக்கம் விழுங்கி, காய்ச்சி, மறுபக்கம் பப்படம் மாதிரித் துப்பும் உருளை யந்திரம். ஒரு விரிப்புக்கு இரண்டு பேர் வேண்டும். இடது மூலையை நான் பிடிப்பேன். வலது மூலையைப் பிடிப்பவள் ஹலிமே. துருக்கிக்காரி. பல வருடங்களாக நாங்கள் எட்டு மணி நேரமும் ஒரே விரிப்பின் இரண்டு முனைகளில் நிற்கிறோம். கல்யாணம் செய்தவர்கள்கூட இவ்வளவு நேரம் நேருக்கு நேர் நிற்பதில்லை.

என்னை ‘அபி’ என்று கூப்பிடுவாள். அவர்களுடைய பேச்சில் அண்ணன். எங்களுக்குப் பொதுவான பாஷை உடைந்த ஜெர்மன். அவள் ஒரு பக்கம் உடைத்திருக்கிறாள், நான் மறுபக்கம். அதை அப்படியே எழுதினால் வாசகருக்குப் பல் கூசும் என்பதால் எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத் தமிழில் எழுதுகிறேன்.

ஹலிமே தலைத்துணி கட்டுவாள். நேரம் வந்தால் தள்ளுவண்டிகளுக்குப் பின்னால் ஒரு விரிப்பைப் போட்டுத் தொழுவாள். சத்திரசிகிச்சைக் கூடத்து விரிப்பு, கொதிநீரில் கிருமி நீக்கியது. ஆண்டவனுக்கு இவ்வளவு சுத்தமான தொழுகை வேறெங்கும் கிடைத்திராது.

புதிதாக வந்த மேற்பார்வையாளர் ஒருநாள் அவள் நெற்றி நிலத்தில் படுவதைக் கண்டு என்ன செய்கிறாள் என்று என்னிடம் கேட்டார். எதையோ தேடுகிறாள் என்றேன். கிடைத்ததா என்றார். தெரியாது, நாளைக்கும் தேடுவாள் என்றேன்.

ஒரு வயிற்றுப் பிள்ளைகள்

ஊரிலிருந்து என்னைச் சுவிசுக்குக் கூட்டிவந்த ஏஜென்ட் வழியில் இஸ்தான்புல்லில் விட்டுவிட்டுக் காணாமல் போனதைப் போன கிழமைப் பத்தியில் எழுதியிருந்தேன். அடுத்த மாதம் வருகிறேன் என்று போனவன். அடுத்த மாதம் வந்தது, அவன் வரவில்லை. நான் ஒரு நிலவறையில் தோல் மேல்சட்டைகளுக்குப் பசை பூசும் வேலைக்குச் சேர்ந்தேன். வெட்டி மிஞ்சிய தோல் துண்டுகளின் மேல் படுக்கை. காலையும் மாலையும் பருப்புச் சூப்பும் பாணும். பசை மணத்தில் பசி அவ்வளவாகத் தெரியாது. அது ஒரு வசதி.

முதலாளியின் சுவரில் இரண்டு சட்டங்கள் தொங்கின. ஒன்று அந்த நாட்டை நிறுவிய தளபதியின் படம். மற்றது வேத வசனம். ஆணி ஒன்றுதான். வரிக்காரர் வந்தால் தளபதி முன்னால் வருவார். தாடி வைத்த வியாபாரி வந்தால் வசனம் முன்னால் வரும். துருக்கி அரசியல் பற்றி அதன் பிறகு நான் கேட்டதெல்லாம் அந்த ஆணிக்கு எழுதிய விளக்கம் மாதிரித்தான் எனக்குப் பட்டது.

காலையில் தோளில் சட்டைகளைச் சுமந்துகொண்டு பல்கலைக்கழக வாசலைத் தாண்டிப் போவேன். வாசலில் காவலாளிகள் நிற்பார்கள். எதிரே ஒரு தேநீர்க் கடை. தலைத்துணி கட்டிய பெட்டைகள் கூட்டமாக அதன் பின்பக்கம் போவார்கள். சற்று நேரத்தில் முன்பக்கத்தால் வேறு பெட்டைகள் வருவார்கள். எல்லோருக்கும் ஒரே தேயிலைச் சாய முடி, ஒரே வெட்டு, நெற்றியில் ஒரே அளவு. எல்லோரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று நினைத்தேன். இத்தனை பெண் பெற்று அத்தனை பேரையும் படிப்பிக்கிற அந்தத் தாய் தகப்பனை எண்ணி வியந்திருக்கிறேன். எங்கள் ஊரில் என்றால் இரண்டாவது சீதனத்திலேயே தகப்பன் படுத்திருப்பான்.

இந்தக் கதையைப் பகிடியாக ஹலிமேக்குச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“அந்தக் கடைப் பின்பக்கத்திலை நானும் நிண்டிருப்பன், அபி,” என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தலைத்துணியோடு உள்ளே விடக் கூடாது என்பது சட்டம். தலைமயிரை அந்நியனுக்குக் காட்டக் கூடாது என்பது மார்க்கம். பெட்டைகள் தலைத்துணிக்கு மேலே பொய்முடியை மாட்டினார்கள். வாசல் மயிரைப் பார்த்தது. ஆண்டவன் துணியைப் பார்த்தான். எல்லோரும் ஒரே கடையில் மலிவாக வாங்கியதால் எல்லோருக்கும் ஒரே தலை. கோடையில் உள்ளே தலை சோறு மாதிரி அவியும் என்றாள் ஹலிமே. கொஞ்ச நாளில் காவலாளிகள் அதையும் கண்டுபிடித்து இழுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு காலையில் அவளுடையதையும் இழுத்தார்கள். துணியும் சேர்ந்து வந்தது, அத்தனை பேருக்கு முன்னால். குனிந்து பொய்முடியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவள் திரும்பப் படிக்கப் போகவில்லை. ஆசிரியை ஆக வேண்டியவள் மாங்கெலுக்கு வந்தது அப்படித்தான்.

மீசைக்காரர்

அவள் கணவர் ஜெமால். அவளுடைய மச்சான் முறை, வயதில் நிறைய மூத்தவர். ஆண்டவனை நம்பாதவர். சோம்பு மணக்கும் சாராயத்தை நம்புகிறவர். படையினர் ஆட்சி செய்த காலத்தில் துண்டுப் பிரசுரம் அச்சடித்ததற்காகச் சிறையில் இருந்துவிட்டுச் சுவிசுக்கு ஓடி வந்தவர். சிறையில் அடித்ததைப் பற்றிக் கதைக்கவே மாட்டார். மீசையைச் சிரைத்ததைப் பற்றி இன்னும் கதைப்பார். இப்போது அவர் மீசை மூக்குக்குக் கீழே ஒரு பூனை படுத்திருப்பது போல இருக்கும். சட்டைப் பையில் அதற்கென்று ஒரு சின்னச் சீப்பு.

என் பெயர் அவர் வாயில் நுழையாது. ‘தமிழா’ என்றுதான் கூப்பிடுவார். யாரோ மேடையில் நின்று கூப்பிடுவது மாதிரி எனக்கு இருக்கும்.

தங்கள் நாட்டுச் சரித்திரத்தை அவர் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார். தளபதி நாட்டை நவீனமாக்க முதலில் ஆண்களின் குல்லாவைக் கழற்றித் தொப்பி போடச் சொன்னார். பின்னால் வந்தவர்கள் பெண்களின் துணியைக் கழற்றச் சொன்னார்கள். அதற்குப் பிறகு பக்திக் கட்சி வந்து துணியைத் திருப்பிக் கொடுத்தது. கூடவே பாலம், சுரங்கம், விமான நிலையம் எல்லாம் கட்டியது. எனக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் ஒன்று கேட்டேன். நாட்டைத் திருத்த வருகிறவர்கள் எல்லாரும் ஏன் தலையில் தொடங்குகிறார்கள்? ஜெமால் யோசித்துவிட்டு, “தலைக்கு மேலை இருக்கிறதை மாத்தினால், உள்ளுக்கை இருக்கிறதை விசாரிக்கத் தேவையில்லை எல்லோ,” என்றார்.

சிரிப்பதற்கு எனக்குத் தகுதி இல்லை. திரிம்பாக்கில் நான் சட்டையைக் கழற்றாமல் சுவாமிக்குக் கிட்டப் போக ஏலாது. பனிக்காலத்தில்கூட.

படிப்பை விட்ட பெட்டைக்கும் சிறையை விட்ட மச்சானுக்கும் குடும்பம் முடிச்சுப் போட்டது. இருவரும் மற்றவரைத் திருத்திவிடலாம் என்று நம்பிக் கழுத்தை நீட்டினார்கள். திருத்த வேலை இன்னும் நடக்கிறது.

வெட்டிக்கொள்ளும் வாக்குகள்

வெளிநாட்டில் இருந்தபடியே துருக்கிக்காரர் தங்கள் நாட்டுத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்று வந்தபோது ஜெமால் ஒரு யோசனை சொன்னார். நீ பக்திக் கட்சிக்குப் போடுவாய், நான் எதிராகப் போடுவேன், இரண்டும் வெட்டுப்பட்டுப் போகும். பேசாமல் இருவரும் வீட்டில் இருப்போம். ஹலிமே வேதத்தின் மேல் சத்தியம் செய்தாள். ஜெமால் மீசையின் மேல் செய்தார். வாக்களிப்பு நாளில் சூரிச்சில், ஒரே வரிசையில், இருவரும் ஒருவரை ஒருவர் கண்டார்கள்.

அன்றிலிருந்து ஒன்றாகவே போகிறார்கள். ஒருவர் போகாமல் விட்டு மற்றவர் போய்விடுவாரோ என்ற பயம். ஜெமாலின் கண் பழுதாகி ஓட்டுநர் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு சாரதி வேலை எனக்கு வந்தது.

நான் என் ஆயுளில் வாக்குப் போட்டதில்லை. ஊரில் வயது வந்து முதல் தடவை போனபோது என் வாக்கை யாரோ காலையிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தான். என்னைவிட அக்கறை உள்ளவன். இங்கே எனக்குக் குடியுரிமை இல்லை, நிரந்தரமாகத் தங்க விடும் சி பெர்மிட் மட்டும்தான். ஆக, வாக்கே இல்லாத ஒருவன் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு வாக்குகளை ஏற்றி இறக்குகிறேன்.

ஹலிமே வாக்களிக்கப் போகும்போது ஒரு காரியம் செய்வாள். பழைய பொய்முடியை ஒரு பையில் போட்டுக் கைப்பைக்குள் வைத்து வாக்குச் சாவடிக்குள் கொண்டுபோவாள். ஒருமுறை வாசலில் பையைச் சோதித்த பெண் கையை விட்டு மயிரைத் தொட்டுக் கத்திவிட்டாளாம். ஏன் காவுகிறாய் என்று கேட்டேன். முத்திரை குத்தும்போது அது பக்கத்தில் இருக்க வேணும், அப்போதுதான் கை பிசகாது என்றாள்.

மருந்து இல்லை, பளிங்கு இருக்கிறது

கடைசியாக நடந்த தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன்பு ஹலிமே விரிப்பைக் கோணலாகப் பிடிக்கத் தொடங்கினாள். யந்திரம் துணியைத் தின்று தின்று நின்றது. ஆலையில் பெரிய குற்றம் அது. மூன்றாம் முறை நின்றபோது சொன்னாள்.

அவளுடைய அண்ணன் மகள் அங்காராவில் டாக்குத்தர். தலைத்துணி கட்டியபடி படித்து, தலைத்துணியோடு பட்டம் வாங்கினவள். அந்தப் படம் ஹலிமேயின் தொலைபேசியில் முதல் படமாக இருக்கும். எனக்கே பல தடவை காட்டியிருக்கிறாள். தான் இழந்தது அந்தப் பெட்டையின் தலையில் திரும்பி வந்துவிட்டது என்பது அவள் கணக்கு. பக்திக் கட்சிக்கு அவள் போட்ட வாக்கெல்லாம் அந்தப் படத்துக்குப் போட்டது.

பெட்டை ஏதோ கோபத்தில் இணையத்தில் இரண்டு வரி எழுதியிருக்கிறாள். எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, ஆனால் வாசலில் புதுப் பளிங்கு இருக்கிறது என்று. பளிங்கைத் திறந்துவைத்தது நாட்டின் தலைவர். விடியப்புறம் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். தலைவரை அவமதித்த குற்றம். சில கிழமைகளில் வெளியே விட்டார்கள். வேலைக்குப் போனபோது ஆஸ்பத்திரி வாசலிலேயே மறித்து, உன் பெயர் இல்லை, போ என்றார்கள்.

ஜெமாலுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, பெட்டை லீவில் நிற்கிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன் என்றாள். அதற்கு மேல் கேட்க எனக்கும் தேவை இருக்கவில்லை. இத்தனை வருடம் மேசையில் அடித்துச் சண்டை பிடித்தவளுக்கு, ‘நான் அப்பவே சொன்னேனே’ என்ற ஒரு வசனத்தை அந்த மீசைக்குக் கீழிருந்து கேட்க முடியுமா?

ஓர்லிகோன்

வாக்களிப்பு சூரிச்சின் ஓர்லிகோனில், ஒரு பெரிய மண்டபத்தில். ஜெமால் முன்னால், ஹலிமே பின்னால். சுரங்கத்துக்கு முன்னால் வாகன நெரிசல். இருவரும் வழக்கம் போலச் சண்டை. எனக்கு விளங்கட்டும் என்று பாதியை ஜெர்மனில் போட்டார்கள். ஹலிமே பாலங்களைச் சொன்னாள், விமான நிலையத்தைச் சொன்னாள். ஜெமால் சிறைகளைச் சொன்னார். வழக்கத்தைவிட அன்று அவள் சத்தமாகக் கதைத்தாள். ஆஸ்பத்திரிகளை மட்டும் சொல்லவில்லை.

போய்ச் சேர்ந்ததும் ஜெமால் மூத்திரம் முட்டுகிறது என்று முன்னால் ஓடினார். ஹலிமே இறங்கவில்லை. கைப்பையைத் திறந்து பொய்முடிப் பையை எடுத்தாள். இருக்கையில் வைத்தாள்.

“இது இஞ்சை கிடக்கட்டும், அபி.”

நான் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன்.

“பெட்டையை மறிச்ச வாசலும் என்னை மறிச்ச அதே வாசல்தான்,” என்றாள். “காவலாளி மட்டும் இப்ப ஐஞ்சு வேளையும் தொழுகிறவன்.”

தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

எனக்கு வாகனத்துக்குள் இருக்கப் பிடிக்கவில்லை. இரண்டு தெரு தள்ளிப் பாலா அண்ணையின் கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். அவர் வெங்காய மூட்டையில் இருந்தபடி எங்கே இந்தப் பக்கம் என்றார். துருக்கிக்காரரை வாக்குப் போடக் கொண்டுவந்ததாகச் சொன்னேன்.

“அவங்கடை சண்டைக்கை உனக்கு என்னடா வேலை? சொந்த நாட்டிலையே வாக்குப் போடாதவன்.”

“போட விட்டால்தானே அண்ணை.”

“விட்டிருந்தால் மட்டும் கிழிச்சிருப்பியோ?” என்று இரண்டு வடையைத் தாளில் சுற்றித் தந்தார்.

திரும்பி வந்தபோது வாகனத்துக்குள் ஜெமால் இருந்தார். பின்கதவுப் பூட்டு பழுது; யாரும் ஏறலாம். பின்னிருக்கையில், அவள் இருந்த இடத்தில் இருந்தார். மடியில் பொய்முடி. சட்டைப் பைச் சீப்பால் அதன் சிக்கை எடுத்துக்கொண்டிருந்தார். மீசைச் சீப்பு சிறியது. நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தார். என்னைக் கண்டும் நிறுத்தவில்லை.

“இவ்வளவு வருசமும் இது உள்ளுக்குப் போய் வந்தது, தமிழா.”

நான் வடையை நீட்டினேன். வாங்கவில்லை.

“பெட்டையின்ரை கதை எனக்குத் தெரியும். அவளின்ரை அண்ணன் எனக்கும் போன் எடுக்கிறவன்தானே. லீவாம், லீவு.” ஒரு சிக்கில் சீப்பு நின்றது. அதை விரலால் பிரித்தார். “எனக்குத் தெரியுமெண்டு அவளுக்குக் காட்டிப்போடாதை. அவள் வாயை மூடினால் அந்த வீட்டிலை நான் ஆரோடை கதைக்கிறது?”

மண்டப வாசலில் ஹலிமேயின் தலைத்துணி தெரிந்தது. அறுபது தாண்டிய மனுசன் இரண்டு இருக்கைகளுக்கு நடுவால் புகுந்து முன்னால் பாய்ந்து, பொய்முடியைச் சின்னப் பெட்டிக்குள் திணித்து மூடி, வடையில் ஒன்றைப் பறித்துக் கடித்தார்.

ஹலிமே ஏறினாள். இருக்கையைப் பார்த்தாள். கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். நான்தான் எடுத்து ஒளித்தேன் என்று நினைத்திருப்பாள். நான் கண்ணை விலக்கவில்லை.

“என்ன, இந்த முறையும் வெட்டியாச்சோ?” என்றார் ஜெமால், வாய் நிறைய வடையோடு.

“ஓம். உங்கடை ஒண்டு, என்ரை ஒண்டு. சரிக்குச் சரி.”

சுரங்கம் வருவதற்குள் பாலங்களில் தொடங்கிவிட்டார்கள்.

இனிப்பு

பக்திக் கட்சி வென்றது. வென்றால் ஹலிமே ஆலைக்குப் பக்லவா கொண்டுவருவாள்; எல்லாத் தேர்தலிலும் அப்படித்தான். கொண்டுவராமல் விட்டால் ஜெமால் ஏன் என்று கேட்பார். அதனால் இந்த முறையும் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து ஒவ்வொருவராகக் கொடுத்தாள். எல்லோரும் வாழ்த்தினார்கள். நான் ஒன்றை எடுத்துக்கொண்டு, நீ சாப்பிடவில்லையா என்று கேட்டேன். எனக்குச் சீனி வியாதி எல்லோ என்றாள். தேநீருக்கு மூன்று கட்டிச் சீனி போடுகிறவள்.

அண்ணன் மகளின் வழக்கு இன்னும் நடக்கிறது. பெட்டை இப்போது தனியார் கண்ணாடிக் கடை ஒன்றில் கண் பார்க்கிறாள்.

தேர் முடிந்த திங்கட்கிழமை ஹலிமேக்கு அந்தப் போலீஸ்காரப் பொடியனின் கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து விரிப்பை விட்டுவிட்டாள். யந்திரம் மறுபடி நின்றது. அந்தப் பொய்முடிச் சனியனை நாளைக்கே திருப்பிக் கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம் அபி, உன்ரை வாகனத்திலையே கிடக்கட்டும். வீட்டை கொண்டு போனால் ஜெமால் கண்டிடுவார்.”

“கண்டால் என்ன? சந்தோசப்படட்டுமே.”

“சந்தோசப்பட்டால் பரவாயில்லை.” சிக்கிய துணியை உருளையிலிருந்து இழுத்தாள். “அந்த மனுசன் என்னிலை பாவம் பார்க்கத் தொடங்கிடுவார். அதைத்தான் என்னாலை தாங்கேலாது.”

யந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. நான் அடுத்த விரிப்பின் இடது மூலையைப் பிடித்தேன்.